கையில் இருந்தும் கண்ணில் படாத சொல்

‘ஸ்கிரபிள்’ விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்று எமது மாதர் சங்கத்தில் சொன்னபோது ஓர் அம்மா சிரித்தார். “பிள்ளை, கோழி வளர்ப்பைப் பற்றி எழுது. வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுது. உது படிச்ச ஆக்களின்ர விளையாட்டு. ஆர் வாசிக்கப் போயினம்?” என்றார். அப்படிக் கேட்டவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு முதல் ஆளாக வந்து பாயை விரித்துப் பலகையை எடுத்து வைப்பவர். ஆகவே எழுதுகிறேன்.

கிளிநொச்சி, வட்டக்கச்சிப் பக்கத்தில் உள்ள எமது சங்க மண்டபத்தில் சில வருடங்களாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இதை விளையாடி வருகிறோம். கணவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மகனைத் தேடி இன்றைக்கும் படத்தோடு போய் நிற்பவர் இருக்கிறார். தையல் தைப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், இடப்பெயர்வோடு சாதாரண தரப் பரீட்சையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை வாசிக்கும் தோழியருக்கு இவர்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்தாக 225 கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. ஆங்கில எழுத்துகள் பொறித்த 100 சிறு கட்டைகள். அவற்றுள் இரண்டு வெற்றுக்கட்டைகள். கடதாசி விளையாட்டில் ‘ஜோக்கர்’ இருப்பதுபோல, வெற்றுக்கட்டையை விரும்பிய எழுத்தாக வைக்கலாம். கட்டைகளைப் பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஆளுக்கு ஏழு எடுக்கவேண்டும். அந்த ஏழைக்கொண்டு பலகையில் குறுக்கெழுத்துப் போலச் சொற்களை அமைக்கவேண்டும். பயன்படுத்திய அளவுக்குப் பையிலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. அடிக்கடி வரும் ‘ஏ’, ‘ஈ’ போன்றவற்றுக்கு 1. அரிதாக வரும் ‘கியூ’வுக்கும் ‘இசெட்’டுக்கும் 10. பலகையில் நிறக்கட்டங்கள் இருக்கின்றன. அவை எழுத்தின் புள்ளியையோ முழுச் சொல்லின் புள்ளியையோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கும். ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால் மேலதிகமாக 50 புள்ளிகள் கிடைக்கும். போட்டிகளில் ஒருவருக்கு 25 நிமிடம்தான். சதுரங்கப் போட்டியில் வைப்பதுபோல மணிக்கூடு வைத்து விளையாடுவார்கள்.

இந்த விளையாட்டு வந்த கதை எமக்குப் பொருந்தும். இதை உருவாக்கியவர் அல்பிரட் மோஷர் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போய் வீட்டில் இருந்தவர். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில்தான் இன்றும் ‘ஈ’ 12 கட்டையாகவும் ‘கியூ’ ஒரேயொரு கட்டையாகவும் இருக்கிறது. அவரது மனைவி நீனா முன்னாள் ஆசிரியை. கணவர் கண்டுபிடித்த விளையாட்டில் கணவரையே வெல்வாராம். ஒரே சொல்லில் 234 புள்ளி எடுத்தாராம். கம்பனிகள் எதுவும் விளையாட்டை வாங்கவில்லை. 1948 இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையைப் பெற்று, ‘ஸ்கிரபிள்’ என்று பெயர் வைத்து, மனைவியோடு சேர்ந்து கையால் செய்யத் தொடங்கினார். இந்தப் புருனோ, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர் நிவாரணப் பணிகளைக் கண்காணித்த அமெரிக்க அரச சபையில் பொறுப்பாக இருந்தவர். 1949 இல் அவர்கள் 2,400 பெட்டிகள் செய்து 450 டொலர் நட்டப்பட்டார்கள். 1952 அளவில்தான் விற்பனை திடீரென்று கூடியது. சுயதொழில் செய்யும் எமது தோழியருக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

“எங்களுக்கு இங்கிலிஸ் தெரியாதே” என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று, உலகத்தில் இருந்து. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் இந்த விளையாட்டில் இதுவரை வந்தவர்களில் தலைசிறந்தவர் என்று கருதப்படுகிறார். 2015 இல் அவர் பிரெஞ்சு மொழிப் போட்டியில் உலக சம்பியன் ஆனார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரம் இருந்து சொற்பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு போனார், வென்றார். 2024 இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே. தாய்லாந்திலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் பேசச் சிரமப்படும் பலர் அங்கே பெரிய போட்டியாளர்கள். 2003 இல் பனுபோல் சுஜ்ஜயகோர்னும் 2009 இல் பகோர்ன் நெமித்ரமான்சுக்கும் தாய்லாந்திலிருந்து போய் ஆங்கிலத்தில் உலக சம்பியன் ஆனவர்கள். இங்கே சொல் ஒரு பொருள் மட்டுமே. அரிசியில் கல் பொறுக்குவதுபோல எழுத்துகளைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது பதில் எம்மிடமே இருக்கிறது. ஒரு நாள் நான் ஒரு கொப்பியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுங்கள் என்றேன். “ஒண்டும் தெரியாது” என்று தொடங்கியவர்கள் அரை மணித்தியாலத்தில் இரண்டு பக்கம் நிரப்பினார்கள். பங்கர், காம்ப், ரெண்ட், ரோக்கன், போம், பாஸ், ரேஷன், மைன்ஸ், செல், கிளினிக். தையல் செய்பவர்கள் சிப், ஹூக், பட்டன், பொபின், பிளவுஸ் என்று சேர்த்தார்கள். 1990களிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 இல் செட்டிகுளம் முகாம்வரை போய் வந்ததில் எமக்குக் கிடைத்த ஆங்கிலம் இது. வரிசையில் நின்று படித்த ஆங்கிலம். யாரும் இதற்குச் சான்றிதழ் தரவில்லை.

அந்தச் சொற்களை எழுத்துக்கூட்டிப் புள்ளி போட்டுப் பார்த்தோம். ரெண்டுக்கு 4 புள்ளிதான். காம்புக்கு 10. பங்கருக்கு 12. ரோக்கனுக்கு 9, அதில் ‘கே’ மட்டும் 5. எல்லாவற்றிலும் மேலாக மூன்றே எழுத்துள்ள சிப் 14 புள்ளி தந்தது, ‘இசெட்’டின் புண்ணியத்தில். தையல்காரி ஒருவர் அன்று நிமிர்ந்து இருந்ததைப் பார்க்கவேண்டும்.

இனித் தவறவிடும் வாய்ப்புகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தைத் தொடங்கும் முறை ஒரு சகோதரிக்கு வந்தது. அவரது தாங்கியில் ஏ, ஜீ, ஐ, எம், என், ஓ, ஆர் என்ற ஏழு எழுத்துகள் இருந்தன. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர் வாய் திறக்கக்கூடாது என்பது எமது விதி. அவர் நெடுநேரம் பார்த்தார். “ஒண்டும் வருகுதில்லை” என்று சொல்லி, எம், ஏ, என் மூன்றையும் வைத்து ‘மனிதன்’ என்ற சொல்லை அமைத்தார். நடுக்கட்டம் இரட்டிப்பு என்பதால் 10 புள்ளி. ஆட்டம் முடிந்தபின் அந்த ஏழையும் மீண்டும் எடுத்து வைத்தோம். ஐ, என், ஜீ மூன்றையும் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டால் மிச்சம் ஆர், ஓ, ஏ, எம். முன்னும் பின்னுமாகச் சேர்த்தால் ‘ரோமிங்’. கைத்தொலைபேசியில் நாம் கேள்விப்படுகிற அதே ரோமிங். ‘அலைந்து திரிதல்’ என்று பொருள். இன்னொரு விதமாக அடுக்கினால் ‘மொரிங்கா’. எமது முருங்கைதான்! ஆங்கிலத்துக்குப் போன பெயர் அது. சரியான இடத்தில் தொடங்கி வைத்திருந்தால் முருங்கைக்கு 76 புள்ளி கிடைத்திருக்கும். அவரது வீட்டு வேலியில் மூன்று முருங்கை நிற்கிறது.

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அவர் பிறகு சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. “எனக்கு வராது எண்டு நினைச்சுக்கொண்டுதானே பாத்தனான். வடிவாப் பாக்கேல்லை.”

போட்டிகளில் நன்கு தேறியவர்கள்கூட ஆட்டம் முடிந்ததும் செய்யும் முதல் வேலை இதுதான். ஒவ்வொரு தடவையும் கையில் என்ன இருந்தது, என்ன வைத்தோம், என்ன வைத்திருக்கலாம் என்று திருப்பிப் பார்ப்பார்கள். இப்போது அதற்குக் கணினியும் இருக்கிறது. எமக்குக் கொப்பியும் பென்சிலும் போதும். அப்படிப் பார்க்கும்போது தெரியவரும் விசயம் என்னவென்றால், நாம் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி எமக்குத் தெரியாத சொற்களால் போனதல்ல. தெரிந்த சொல், கையில் எழுத்தும் இருந்தது, எழுத்துகள் கலைந்து கிடந்ததால் கண்ணில் படவில்லை. ஏ, சீ, ஈ, ஈ, எச், ஆர், ரீ என்று ஏழு எழுத்தைக் கலைத்து வைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் எல்லோரும் நாளுக்கு நூறு தடவை சொல்லும் ‘ரீச்சர்’. அதே ஏழில் ‘ஹெக்ரெயர்’ என்ற காணி அளவும் வரும். ‘ஏமாற்றுக்காரர்’ என்பதற்கான சொல்லும் வரும். (இந்த மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.)

ஆகவே கையை அசைக்கவேண்டும். தாங்கியில் கட்டைகளை வந்தபடியே விட்டுவிட்டுப் பார்க்கக்கூடாது, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கவேண்டும். ஆங்கிலச் சொல்லின் வால் பெரும்பாலும் ஐ-என்-ஜீ, ஈ-டீ, ஈ-ஆர், எஸ் என்று முடியும். அந்த வாலை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டால் மிச்சத்தில் ஒரு தலை தெரியும்.

அடுத்தது, எல்லாவற்றையும் இன்றைக்கே தின்றுவிடாதிருத்தல். புதிதாக விளையாடுபவர்கள் இந்த முறை எவ்வளவு புள்ளி என்று மட்டுமே பார்ப்பார்கள். தேர்ந்தவர்கள் வைத்தபின் தாங்கியில் என்ன மிஞ்சுகிறது என்றும் பார்ப்பார்கள். விவசாயக் குடும்பங்களில் பிறந்த எமக்கு இதை விளங்கப்படுத்த ஒரு சொல் போதும்: விதைநெல். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்க மாட்டோம் அல்லவா? இந்த விளையாட்டில் ‘எஸ்’ஸும் வெற்றுக்கட்டையும் விதைநெல். ஈ, ஏ, ஆர், ரீ, ஐ, என் என்பவையும் ஒவ்வொன்றாகக் கையில் இருந்தால் நல்லவை. பத்துப் பன்னிரண்டு புள்ளிக்காக வெற்றுக்கட்டையைச் செலவழித்தால் அடுத்த முறை வரக்கூடிய 70, 80 புள்ளியை விற்றுவிட்டோம் என்று அர்த்தம். நூறு கட்டையில் வெற்று இரண்டுதான், ‘எஸ்’ நான்குதான். வெற்றுக்கட்டை கிடைத்தவுடன் பதறி வைப்பவர்களே எமது குழுவில் அதிகம். கையில் இருப்பது எப்போது பறிபோகும் என்று தெரியாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் வருவது நியாயம்தான். ஆனால் இந்தப் பலகையில் யாரும் வந்து பறிப்பதில்லை.

மாற்றிக்கொள்வதற்கும் எமது பெண்களுக்கு மனம் வருவதில்லை. ஐ மூன்று, யூ இரண்டு, வீ ஒன்று, டபிள்யூ ஒன்று என்று கையில் வந்துவிட்டால், பையில் ஏழு கட்டையாவது இருக்கும்வரை, வேண்டாதவற்றைப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்கலாம். அந்த முறை புள்ளி கிடையாது. “ஒரு முறை சும்மா போகுதே” என்று நான்கைந்து தடவை 5, 6 புள்ளியாக இழுப்பதைவிட, ஒரு முறை வெறுங்கையாக விட்டு நல்ல எழுத்தை எடுப்பது இலாபம். உலக சம்பியன்களும் இதைத் தயங்காமல் செய்கிறார்கள்.

பலகையில் ஏற்கெனவே இருப்பதோடு ஒட்டி வைப்பதுதான் என் கண்ணுக்கு இந்த விளையாட்டின் அழகு. பலகையில் ‘காம்ப்’ என்ற சொல் கிடக்கிறது என்று வையுங்கள். உங்கள் கையில் ‘சாரி’க்கான எஸ், ஏ, ஆர், ஐ இருக்கிறது. (ஆம், எமது சேலை ஆங்கில அகராதியிலும் உண்டு.) வேறெங்காவது வைத்தால், நிறக்கட்டத்தை விட்டுப் பார்த்தால், 4 புள்ளி. அந்த ‘எஸ்’ஸைக் காம்பின் கடைசியில் ஒட்டிச் சாரியைக் கீழ்நோக்கி வைத்தால், ‘முகாம்கள்’ என்ற புதிய சொல்லுக்கு 11, சாரிக்கு 4, மொத்தம் 15. அதே ‘எஸ்’ஸை முன்னால் ஒட்டினாலும் சொல் வரும், அதற்குப் போக்கிரி என்று பொருள். முகாமுக்கு முன்னால் ஓர் எழுத்து வைத்தால் போக்கிரி என்றதும் எமது சங்கத்தில் எழுந்த சிரிப்பை இங்கே எழுதாமல் விடுகிறேன். போர் என்பதற்கான மூன்றெழுத்துச் சொல்லின் பின்னால் ‘எம்’ சேர்த்தால் இளஞ்சூடு, ‘என்’ சேர்த்தால் எச்சரிக்கை செய்தல், ‘டீ’ சேர்த்தால் ஆஸ்பத்திரி வாட். ஒரு சொல்லை ‘முடிந்தது’ என்று பார்க்காமல் அதன் முன்னும் பின்னும் எது ஒட்டும் என்று பார்க்கப் பழகவேண்டும்.

இதற்கு இரண்டெழுத்துச் சொற்கள் மிகவும் உதவும். உலகப் போட்டிகளுக்கான கொலின்ஸ் சொற்பட்டியலில் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல் சொற்கள். அவ்வளவும் எமக்கு வேண்டாம். 2019 பதிப்பின்படி இரண்டெழுத்துச் சொற்கள் 127 தான். ஒரு கிழமைக்குப் பத்தாகப் படித்தால் மூன்று மாதம். ‘கியூ’வை ‘ஐ’யோடு சேர்த்து வைக்கலாம் என்ற ஒன்றைத் தெரிந்திருந்தால், ‘யூ’ வரும் வரும் என்று பத்துப் புள்ளிக் கட்டையைக் கடைசிவரை வைத்திருக்கத் தேவையில்லை. ‘இசெட்’டோடு ‘ஏ’யும் சொல், ‘இசெட்’டோடு ‘ஓ’வும் சொல். எழுத்தை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் ‘இசெட்’டை வைத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டையும் அமைத்தால் 31உம் 31உம் 62. ஏழெழுத்துச் சொல் தெரியாத ஒருவர் ஏழெழுத்துக்காரரைத் தோற்கடிப்பது இப்படித்தான்.

நைஜீரியர்கள் இந்தக் குறுஞ்சொல் வழியை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். 2015 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வெலிங்டன் ஜிகெரே உலக சம்பியன் ஆனபோது அவர் அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆபிரிக்கர். நீளச் சொல் கையில் இருந்தாலும் அதை வைத்து எதிராளிக்கு வழி திறந்துவிடாமல், நாலைந்து எழுத்தில் அடக்கமாக வைத்து, நல்ல எழுத்துகளை அடுத்த முறைக்குச் சேமிப்பது அவர்கள் பயிற்சி.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1987 இல் அமெரிக்கத் தேசியப் போட்டியை ரீட்டா நோர் என்ற பெண் வென்றார். ஆனால் உச்சியில் பெண்கள் குறைவுதான். மூளை குறைவு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நாளுக்கு நாலு மணித்தியாலம் ஒரு பட்டியலை வைத்துப் படிப்பதற்கு எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு விடுகிறார்கள்? எமது ஞாயிறு ஆட்டமே ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டபின், மாமியாருக்குத் தேத்தண்ணி வைத்தபின் நடப்பது.

ஒரு விடயத்தில் எமது பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அது ஆட்டத்தின் கடைசிப் பகுதி. நூறு கட்டையில் எது எது போய்விட்டது என்று ஒரு தாளில் வெட்டிக்கொண்டே வந்தால், பை வெறுமையானதும் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லலாம். போட்டியாளர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள், விதி அனுமதிக்கிறது. 304 விளையாடும் ஆண்கள் விழுந்த துரும்பை ஞாபகம் வைப்பதுபோல. கடைசியில் கையில் கட்டை மிஞ்சினால் அதன் புள்ளி எமக்குக் கழிந்து எதிராளிக்குக் கூடும். எனவே எதிராளியிடம் ‘கியூ’ மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் அதை வைக்கும் இடத்தை அடைத்துவிடலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்குப் பங்கிடலாம் என்று கணக்கு வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஒரு அம்மா, “ரெண்டு ‘ஈ’யும் ஒரு ‘வீ’யும்தான் வெளியில கிடக்கு” என்று சொன்னால் பையைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டியதில்லை.

விளையாட்டுக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு சகோதரி, மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கக் கையெழுத்து வைத்தவர். ‘லீசிங்’ என்ற சொல்லை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. ஒரு நாள் எதிரில் இருந்தவர் எல், ஈ, ஏ, எஸ், ஈ என்று ஐந்து கட்டையை வைத்தார். ஐந்து புள்ளிதான். “இதுதான் லீசிங்கில வாற லீஸ்” என்று யாரோ சொன்னதும் இவர் பலகையைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த ஞாயிறு கைப்பையில் மடித்து வைத்திருந்த ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்தார். முழுவதும் ஆங்கிலம். அவர் அதில் விரலை வைத்து எமது சிறு சொற்களைத் தேடினார். ‘டியூ’ இருந்தது, ‘ரேட்’ இருந்தது, ‘ரேம்’ இருந்தது. மிச்சத்தை எல்லோரும் சேர்ந்து அகராதியோடு வாசித்தோம். பிந்தினால் மாதத்துக்கு ஒரு தடவை தண்டப்பணம் என்று அவர் நினைத்திருந்தார். தாளில் நாட்கணக்கில் என்று இருந்தது. கடன் அதனால் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அவர் போய், தவணை அட்டவணையைத் தமிழில் தரும்படி கேட்டார். முதல் தடவை “பிறகு வாங்கோ” என்றார்கள். மூன்றாம் தடவை கொடுத்தார்கள்.

2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தபோது, எமது ஊரில் பலருக்குத் தாங்கள் எடுத்தது நுண்கடனா, லீசிங்கா, அடகா என்றே தெரிந்திருக்கவில்லை. கையெழுத்து வைத்த தாள் அலுமாரியில் இருந்தது. அதில் எழுதியிருந்தது கண்ணில் படவில்லை.

விளையாட விரும்பும் தோழியருக்குச் செய்முறையைச் சொல்லி நிறுத்துகிறேன். கடையில் வாங்க விலை அதிகம். எமது பெட்டி யாரோ அனுப்பிய பழைய பொருட்களோடு வந்தது, நான்கு கட்டை குறைவாக. பால்மாப் பெட்டி மட்டையில் அந்த நான்கையும் வெட்டிச் சேர்த்தோம். பையில் கை விட்டால் மட்டை தனியாகத் தட்டுப்படுகிறது. அந்த நான்கில் ஒன்று வெற்றுக்கட்டை என்பதால், சிலர் அதையே தடவி எடுக்கத் தொடங்கினார்கள்! சண்டை வந்தது. பிறகு நூறையும் ஒரே மட்டையில் வெட்டினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சோடா மூடியும் நல்லது, உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதலாம்.

எண்ணிக்கை, ஆங்கில அரிச்சுவடி ஒழுங்கில்: ஏ 9, பீ 2, சீ 2, டீ 4, ஈ 12, எவ் 2, ஜீ 3, எச் 2, ஐ 9, ஜே 1, கே 1, எல் 4, எம் 2, என் 6, ஓ 8, அடுத்த பீ 2, கியூ 1, ஆர் 6, எஸ் 4, ரீ 6, யூ 4, வீ 2, டபிள்யூ 2, எக்ஸ் 1, வை 2, இசெட் 1, வெற்று 2. புள்ளி: டீக்கும் ஜீக்கும் 2, இரண்டு பீக்கும் சீக்கும் எம்முக்கும் 3, எவ், எச், வீ, டபிள்யூ, வை ஆகியவற்றுக்கு 4, கேக்கு 5, ஜேக்கும் எக்ஸுக்கும் 8, கியூவுக்கும் இசெட்டுக்கும் 10, வெற்றுக்குப் பூச்சியம், மற்றதெல்லாம் 1. ரீயையும் டீயையும் மாற்றி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் பழைய நாட்காட்டியின் பின்பக்கம் போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூட அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தால் சந்தேகம் தீர்க்கலாம்.

ஆங்கிலம் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்காகத் தமிழிலும் முயன்றோம். 247 எழுத்துக்கும் கட்டை வெட்டினால் பை கொள்ளாது. எனவே உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என்று மட்டும் வெட்டினோம். ‘க்’ கட்டையை வைத்தவர் அதைக் க, கா, கி, கீ என்று எந்த உயிரோடும் வாசிக்கலாம். ஆட்டம் நன்றாகப் போகிறது. ஆய்தக் கட்டைக்கு எத்தனை புள்ளி என்பதில்தான் இன்னும் முடிவில்லை. ‘இஃது’, ‘அஃது’ என்று எல்லோரும் சுலபமாக வைத்துவிடுகிறார்கள், 10 அதிகம் என்கிறார் ஒருவர். வேறென்ன சொல்லில் வரும், சொல்லுங்கோ பாப்பம் என்கிறார் மற்றவர். அடுத்த ஞாயிறு பேசுவோம் என்று வைத்திருக்கிறோம்.